சுக்கானியின் மூச்சு: கப்பல், கல்நார், எழுதப்படாத உழைப்பு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசனார் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் பேச அழைத்தபோது, தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். கப்பலில் இருந்த கல்நாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கல்நார் என்றால் நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லும் அதே பொருள்தான். பொறுப்பாளர் தோழர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வானூருக்கும் கப்பலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தச் சொற்பொழிவு.

சீனிவாசனாரிடமிருந்தே தொடங்குகிறேன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். பிறகு கப்பலேறித் தென்னாப்பிரிக்கா போனார். நேட்டாலில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1921இல் ஊர் திரும்பினார். 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் கடல் கடந்தவை. அதே காலத்தில் தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து நம் பாட்டன்மார் மலேயாவுக்கும் மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறினார்கள். கப்பலேறிப் போனவர்களின் வரலாற்றை நாம் கொஞ்சம் எழுதியிருக்கிறோம். அந்தக் கப்பலை ஓட்டியவர்களின் வரலாற்றை, அதுவும் அவர்களுடைய நுரையீரலின் வரலாற்றை, எழுதவில்லை.

பெரியப்பாவின் நல்லி

என் பெரியப்பா ஒரு சுக்கானி. கோட்டக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் காலனியில் பிறந்தவர். சென்னைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய், அங்கிருந்து கப்பலில் கலாசியாகச் சேர்ந்தது 1967இல். சில வருடங்களில் சுக்கான் பிடிக்கத் தேர்ச்சி பெற்றார். 1985 வரை சரக்குக் கப்பல்களில் ஓடினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை.

லீவில் வரும்போது எங்கள் தெருவே அவர் வீட்டு வாசலில் கூடும். சேரியில் பிறந்தவன் கையில் ஒரு முழுக் கப்பலின் திசை இருந்தது என்பது அவருக்குப் பெருமை. எங்களுக்கும்தான். "கீழ எஞ்சின்ல வேகுறவன் வேற பாப்பா. நான் மேல, காத்தோட்டமா நிக்கிறவன்" என்பார்.

அறுபது வயதைத் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. திண்ணையிலிருந்து தெருக்குழாய் வரை நடந்தால் இரண்டு இடத்தில் நிற்பார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு முறை முடிந்து, மறுபடியும் கொடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்தது. எடுத்தார்கள், மறுபடி கோத்தது. 2008இல் போய்விட்டார்.

அந்த இரண்டு வருடத்தில் நான்கு மருத்துவர்கள் பார்த்தார்கள். பீடி உண்டா, குடி உண்டா என்று நால்வரும் கேட்டார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெர்னார்டினோ ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். முந்நூறு வருடம் கழித்தும் அந்தக் கேள்வி எங்கள் பெரியப்பாவின் கட்டில் வரை வந்து சேரவில்லை. என்ன ஆளுங்க என்று கேட்கக் கூச்சப்படாத நாடு இது. என்ன வேலை பார்த்தாய் என்று மட்டும் கேட்பதில்லை.

கப்பல்காரர்களிடம் ஒரு பணிப்புத்தகம் இருக்கும். எந்தக் கப்பலில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவியில் என்று ஒவ்வொரு பயணமும் அதில் பதிவாகும். பம்பாய்க் கப்பல்காரர்கள் அதை நல்லி என்பார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் சொல்வார். அவருடைய நல்லி ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. ஒரு புயல் மழையில் கூரை பிய்ந்து, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, தாள் கூழாகிவிட்டது. அவர் இறந்ததற்குக் கல்நார் காரணமா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கத் தேவையான தாள் என்னிடம் இல்லை. நான் பேச வந்ததும் அந்தத் தாளைப் பற்றித்தான்.

கப்பலுக்குள் ஒரு ஊர்

மாலுமி என்ற சொல் அரபு மொழியின் முஅல்லிம் என்பதிலிருந்து வந்தது. கற்றவர், வழிகாட்டி என்று பொருள். நட்சத்திரம் பார்த்துக் கப்பலுக்குத் திசை சொன்னவர் அவர். சுக்கான் என்ற சொல்லும் அரபு வழி வந்ததுதான். சுக்கானைப் பிடிப்பவர் சுக்கானி. இந்தச் சொல் பிரிட்டிஷ் கப்பல்களின் பதிவேட்டில் ஏறி, இந்திய வணிகக் கப்பல்களில் இன்றும் பதவிப் பெயராகவே இருக்கிறது.

பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியக் கடலோடிகளை லஸ்கர் என்று அழைத்தார்கள். முதல் உலகப்போர் தொடங்கியபோது அவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த ஆறு பேரில் ஒருவர் இந்தியர். அவர்களுக்கென்று தனி ஒப்பந்தம், வெள்ளைக்காரருக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்கே கூலி. ஐரோப்பியக் கடலோடி ஒருவருக்குப் படுக்குமிடம் 120 கன அடி இருக்க வேண்டும் என்று 1906இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. அந்த அளவு லஸ்கர்களுக்குப் பொருந்தவில்லை. மூச்சு விடும் காற்றைக்கூட நிறம் பார்த்து அளந்து கொடுத்தார்கள்.

கப்பலுக்குள்ளே மூன்று பிரிவுகள். மேல்தளத்தில் செராங், டிண்டல், சுக்கானி, கலாசி. எஞ்சினில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடுபவரும் எண்ணெய் போடுபவரும். மூன்றாவது சமையலும் பரிமாறலும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி ஊரிலிருந்து, தனித்தனி மதத்திலிருந்து, தனித்தனிச் சாதியிலிருந்து ஆள் எடுத்தார்கள். எஞ்சினுக்குச் சில்ஹெட்டும் பஞ்சாபும். பரிமாறக் கோவா. மேல்தளத்துக்கு ரத்தினகிரி, நோகாளி போன்ற கடற்கரைகள். ஒன்றுசேர்ந்து கிளர்ந்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் 1939இல், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய உடனே, துறைமுகம் துறைமுகமாக லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். கூலி உயர்ந்தது.

இந்த மூன்று பிரிவுக்கும் கீழே ஒருவர் உண்டு. அவர் பெயர் டோபாஸ். கழிவறை கழுவுவது, நடைவழி கூட்டுவது, குப்பை அள்ளுவது அவர் வேலை. இந்தியக் கப்பல் ஆட்களில் அந்த இடத்துக்குத் துப்புரவுச் சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களைத்தான் எடுத்தார்கள். ஊரிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, சுற்றிலும் தண்ணீர் மட்டுமே இருக்கும் இடத்திலும் துடைப்பம் யார் கையில் இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. இந்த டோபாஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூசு பற்றிப் பேசும்போது அவரிடம் திரும்ப வருவேன்.

தீக்குப் பயந்து சுற்றிய போர்வை

கல்நார் ஒரு கனிமம். கல்லாக வெட்டி எடுக்கலாம், பஞ்சு போல நார் நாராகப் பிரிக்கலாம், துணியாக நெய்யலாம். எரியாது, சூட்டைக் கடத்தாது, உப்புத் தண்ணீருக்கு அசையாது, விலையும் மலிவு. கப்பல் கட்டுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நீராவிக் கப்பலில் கொதிகலன் இருக்கும். அதிலிருந்து கப்பல் முழுக்கக் குழாய்கள் ஓடும். சூடு வீணாகாமலும் ஆட்கள் வெந்துபோகாமலும் இருக்க அவற்றுக்கு மேல் கல்நார் பூசி, துணி சுற்றி, சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக வைத்திருப்பார்கள். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜுலா கப்பலை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல் அது. அந்தத் தலைமுறை நீராவிக் கப்பல்களில் கல்நார் ஏறாத கப்பல் அரிது.

அடுத்து தீ. 1934இல் மோரோ காசில் என்ற அமெரிக்கப் பயணிகள் கப்பல் எரிந்து 130க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகு சுவர்ப்பலகை, கதவு, மேல்கூரை என்று எல்லாவற்றையும் எரியாத பொருளில் செய்யும் வழக்கம் பெருகியது. கல்நார் கலந்த பலகைகள் படுக்கை அறைக்கும் நடைவழிக்கும் சுக்கான் அறைக்கும் வந்தன. மின்கம்பி உறையில் கல்நார். குழாய் மூட்டுகளின் அடைப்பில் கல்நார். தீயணைப்பு உடுப்பிலும் அதுதான். நடுக்கடலில் தீ என்பது சாதாரண பயம் இல்லை. சென்னையிலிருந்து மலேசியாவுக்கு ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்து, அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது நமக்குத் தெரியும். கல்நாரைக் கப்பலில் வைத்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தீயிலிருந்து காப்பாற்றும் பொருள் மூச்சைக் கொல்லும் என்பது தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

தெரிந்தது எப்போது? இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் இறந்தார். வயது 33. அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள் இருந்ததை மருத்துவர் வில்லியம் குக் எழுதினார். 1930இல் பிரிட்டிஷ் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கை வந்தது. 1931இல் விதிமுறை வந்தது. அது ஆலைகளுக்கான விதி. கப்பலில் வாழ்ந்தவர்களை அது தொடவில்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் கூட்டாளிகளும், நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயைக் கண்டு எழுதினார்கள். சுரங்கத்தில் இறங்காமல், பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் அது வந்திருந்தது.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் புதிதாகக் கல்நார் பொருத்துவதைச் சில விலக்குகளோடு தடுத்தது 2002 ஜூலையில். விலக்கே இல்லாமல் தடுத்தது 2011 ஜனவரி 1 முதல். நெல்லி கெர்ஷா இறந்து 87 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மேலே நின்றவர் தப்பித்தாரா?

"நான் மேல, காத்தோட்டமா நிக்கிறவன்" என்று பெரியப்பா சொன்னதை இப்போது எடுத்துக்கொள்வோம். பல பேர் அப்படித்தான் நம்பினார்கள். கல்நார் என்றால் எஞ்சின் அறைக்காரரின் பிரச்சினை. திசை பார்ப்பவருக்கும் சுக்கான் பிடிப்பவருக்கும் கொடி காட்டுபவருக்கும் அதில் என்ன?

ஆலைத் தொழிலாளி எட்டு மணி நேரம் தூசில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார். கடலோடிக்கு வீடும் அதே கப்பல்தான். நான்கு மணி நேரம் சுக்கான் பிடித்துவிட்டுக் கீழே இறங்கிப் படுப்பார். படுக்கைக்கு மேலே வெள்ளைத் துணி சுற்றிய குழாய் போகும். கப்பல் நிற்காமல் அதிரும். அதிர அதிரப் பூச்சு உதிரும். பழுது பார்க்க ஒருவர் வந்து குழாயை உடைத்தால், அந்தத் தூசைக் காற்றுக் குழல்கள் அறை அறையாகக் கொண்டுபோகும். எங்கள் பெரியப்பா ஒருமுறை சொன்னார்: "எந்திரிச்சு கம்பளிய ஒதறுனா மாவு மில்லு மாதிரி இருக்கும் பாப்பா. சுண்ணாம்புன்னு நெனச்சோம்." அதை அவர் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

கல்நார்த் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. நுரையீரலின் அடிவரை போகும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும். தழும்பு பெருகப் பெருக நுரையீரல் விறைத்துப் போகும். இதைத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் என்கிறோம். நுரையீரல் உறை தடிக்கலாம், நீர் கோக்கலாம். நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் வரலாம். துகள் உள்ளே போன நாளிலிருந்து நோய் தலை காட்ட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும்.

அமெரிக்க மருத்துவர் இர்விங் செலிகாஃப் இந்த நோய்க்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். கல்நார் பூசும் தொழிலாளர்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1964இல் வந்தது. 1990இல் அவரும் கூட்டாளிகளும் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். நீண்ட காலம் கடலில் வேலை பார்த்த 3,300க்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்காரர்களின் நெஞ்சு எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் கல்நார் விட்டுப்போன மாற்றங்கள் இருந்தன. எஞ்சின் பிரிவில் அதிகம், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மேல்தளப் பிரிவிலும் இருந்தது. பரிமாறும் பிரிவிலும் இருந்தது. பதவி வேறாக இருந்தாலும் எல்லாரும் இழுத்தது ஒரே கப்பலின் காற்றைத்தான்.

இப்போது டோபாஸிடம் வருகிறேன். உதிர்ந்த வெள்ளைத் தூசைக் கூட்டியவர் யார்? பழுது பார்த்த பிறகு நடைவழியில் கிடந்த பூச்சுத் துண்டுகளை அள்ளியவர் யார்? உலர்ந்த கல்நார்த் தூசைத் துடைப்பத்தால் கூட்டுவது அதை மறுபடி காற்றில் ஏற்றும் வேலை. அந்தத் துடைப்பத்தைச் சாதி அவர் கையில் கொடுத்தது. டோபாஸ்களின் எக்ஸ்ரேக்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றையும் நான் படித்ததில்லை.

நாரைத் தோண்டியவர்கள்

கப்பல் கொதிகலன்களுக்கு அதிகம் பயன்பட்டவற்றில் ஒன்று பழுப்புக் கல்நார். அமோசைட் என்பார்கள். தென்னாப்பிரிக்கக் கல்நார்ச் சுரங்கங்கள் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. சீனிவாசனார் நேட்டாலில் இருந்த காலத்திலேயே அந்நாட்டின் வடக்கில் அந்தச் சுரங்கங்கள் தொடங்கிவிட்டன. கறுப்பினத் தொழிலாளர்கள் கல்லை வெட்டினார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து சுத்தியலால் தட்டி நாரைப் பிரித்தார்கள். அந்த நார் கப்பலேறிப் பிரிட்டன் போனது. அங்கே கப்பலுக்கே போர்வையானது. அந்தப் போர்வையின் கீழே லஸ்கர் தூங்கினார். நிறவெறிக்கும் சாதிக்கும் நடுவே ஒரு நார் ஓடியிருக்கிறது.

அந்தத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் நாட்டில் கம்பெனி சுரங்கத்தை விட்டுப் போய்விட்ட பிறகு, அதன் தலைமையகம் இருந்த லண்டனிலேயே வழக்குப் போட்டார்கள். 3,000க்கும் மேற்பட்டோர். வழக்கை இங்கே நடத்த முடியாது என்று கம்பெனி வாதாடியது. 2000 ஜூலையில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை, நடத்தலாம் என்று தீர்ப்பளித்தது. 2003இல் இழப்பீட்டு உடன்பாடு வந்தபோது பட்டியல் 7,500 பேரைத் தொட்டிருந்தது. தொகை பெரியது இல்லை. ஆனாலும் ஊர் ஊராகப் போய், யார் எந்த வருடம் எந்தச் சுரங்கத்தில் நின்றார் என்று பெயர் எழுதிச் சேர்த்ததால்தான் அதுவாவது வந்தது.

பெயர் இருக்கும் புத்தகம், இல்லாத புத்தகம்

இரண்டாம் உலகப்போரில் கடலில் இறந்த இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல்காரர்கள் 6,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஒரு நினைவேட்டில் இருக்கின்றன. மும்பையில் ஒரு பிரதி, சிட்டகாங்கில் ஒரு பிரதி. குண்டு வெடித்து ஒரே நொடியில் இறந்தவருக்கு அந்த ஏட்டில் ஒரு வரி உண்டு. அதே கப்பலில் தூசை இழுத்து, ஊருக்குத் திரும்பி, முப்பது வருடம் கழித்துத் திண்ணையில் மூச்சு முட்டி இறந்தவருக்கு எந்த ஏட்டிலும் வரி இல்லை. கப்பல் கம்பெனிக்கு அவர் ஒப்பந்தம் முடிந்த ஆள். மருத்துவமனைக்கு அவர் காசநோயாளி. ஊருக்கு, வயசாகிப் போனவர்.

நம் நாட்டுச் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் கல்நார் நோய் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 1995 ஜனவரி 27ஆம் தேதித் தீர்ப்பு. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்தது. தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ உதவியும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அது சொன்னது. நோய் உறுதியான தொழிலாளிக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. இன்னொன்றும் சொன்னது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வு பெற்ற பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த விரல்விட்டு எண்ணக்கூடிய தலித் நீதிபதிகளில் ஒருவர். 40 ஆண்டு என்ற அந்த எண்ணை மறுபடி கவனியுங்கள். நோய் நாற்பது ஆண்டு காத்திருக்கும் என்றால், தாளும் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்த நோய்க்கு முதல் மருந்து பதிவேடு என்று அவர் புரிந்துகொண்டார்.

ஆனால் அந்தத் தீர்ப்பின் பலன் யாருக்கு எட்டும்? நிரந்தர வேலை, வருகைப் பதிவேடு, அடையாள அட்டை உள்ளவருக்கு. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கப்பல் மாறும் கடலோடிக்கு ஆதாரம் அவருடைய நல்லி மட்டும்தான். அது ஓலைக்கூரையின் கீழே தகரப் பெட்டியில் இருக்கிறது. நிலப்பட்டா இல்லாததால் நிலம் போன கதை நமக்குத் தெரியும். வேலைப்பட்டா இல்லாததால் உயிருக்கான நியாயம் போகும் கதை இது.

கப்பலின் முடிவு

கப்பலும் ஒருநாள் சாகும். அதை உடைக்க வேண்டும். குஜராத்தின் அலாங் கடற்கரையில் 1983 முதல் உலகத்தின் பழைய கப்பல்கள் உடைபடுகின்றன. ஒடிசா, பீகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் அவற்றை வெட்டுகிறார்கள். 2005 டிசம்பர் கடைசியில் பிரான்சின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் கிளெமான்சோ, உள்ளே கல்நாரோடு அலாங்கை நோக்கிக் கிளம்பியது. இங்கேயும் அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அரசு கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கடைசியில் அது இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில், பாதுகாப்பு ஏற்பாடுகளோடு உடைக்கப்பட்டது.

அது ஒரு வெற்றி. ஆனால் அதே 2006இல் வந்து சேர்ந்த புளூ லேடி என்ற பயணிகள் கப்பல், டன் டன்னாகக் கல்நாரோடு அலாங்கிலேயே நின்றது. அதை உடைக்க 2007இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதன்பின் 2019இல் இந்தியாவில் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. கப்பலில் எந்த இடத்தில் என்ன நச்சுப்பொருள் இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஹாங்காங் ஒப்பந்தம் 2025 ஜூன் 26 முதல் உலகளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கப்பலுக்கு நச்சுப் பட்டியல் வந்துவிட்டது. அதற்குள் வாழ்ந்தவரின் நெஞ்சுக்கும் அதே மாதிரி ஒரு பட்டியல் வேண்டும்.

வானூருக்கும் கப்பலுக்கும்

தோழரின் கேள்விக்கு வருகிறேன். கப்பலிலிருந்து இறங்கிய கல்நார் எங்கே இருக்கிறது? தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். சிமெண்ட் சீட்டு என்று நாம் சொல்வது அதுதான். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நமக்கு வெகுகாலம் ஏற்றுமதி செய்த கனடாகூட 2018இல் தன் நாட்டில் தடை செய்தது. இந்தியா இன்னும் லட்சக்கணக்கான டன் இறக்குமதி செய்து கூரை போடுகிறது. ஓலையிலிருந்து ஓட்டுக்குப் போகக் காசு இல்லாதவர் வீட்டுக்குத்தான் சீட்டு வரும். எங்கள் காலனியில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு அதுதான்.

சீட்டு முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், வெயிலிலும் மழையிலும் பொரிந்துபோனால் நார் வெளியே வரும். 2011 தானே புயலிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் இந்தப் பகுதியில் சீட்டுகள் பறந்து நொறுங்கியதைப் பார்த்தோம். நொறுங்கிய துண்டுகளைப் பள்ளத்தில் கொட்டி மிதித்து வழி போட்டதையும் பார்த்தேன். குழந்தைகள் அதை வைத்துத் தரையில் கோடு போட்டுப் பாண்டி ஆடினார்கள். பெண்கள் துடைப்பத்தால் தூசைக் கூட்டினார்கள். எனக்கு டோபாஸ் ஞாபகம் வந்தார்.

அதோடு திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. அங்கே பறப்பது கல்நார் இல்லை, கல்தூசு. அதில் வருவது சிலிகோசிஸ். நோய் வேறு, கதை ஒன்று. அங்கேயும் பணி நியமனத் தாள் கிடையாது. மூச்சு வாங்கினால் காசநோய் மாத்திரை.

வானூர் தனித்தொகுதி. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை கேட்கிறோம், விளக்குக் கேட்கிறோம். மூன்று விஷயங்களையும் சேர்த்துக் கேட்போம் என்பது என் வேண்டுகோள்.

ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டில் தொழில் என்று ஒரு வரி. இப்போதைய வேலை மட்டும் போதாது, வாழ்நாளில் பார்த்த வேலை எல்லாம். நெஞ்சு நோய்க்காரரிடம் அதைக் கேட்காமல் மாத்திரை எழுதக் கூடாது.

இரண்டு, கூரை. காலனி வீடுகளின் உடைந்த சீட்டுகளை அரசு தன் செலவில் எடுத்து மாற்ற வேண்டும். அதுவரை நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். சீட்டை ரம்பத்தால் அறுக்காதீர்கள். உடைந்தால் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே எடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுங்கள். உலர்ந்த தூசைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வழி போடவும் அடுப்புக்கு முட்டுக் கொடுக்கவும் அதை எடுக்காதீர்கள்.

மூன்றாவது நம்மிடமே கேட்பது. ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டு. யார், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்தக் கப்பலில், எந்தக் குவாரியில், எந்தக் கட்டிட வேலையில், எந்த மேஸ்திரியின் கீழே இருந்தார் என்று எழுதி வைக்க வேண்டும். அதன் நகலை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும், மழை இரண்டு வீட்டையும் ஒரே நாளில் பிய்க்காது. படித்த பிள்ளைகள் ஊருக்கு நான்கு பேராவது இருக்கிறார்கள். பாட்டிகளின் பாட்டைப் பதிவு செய்கிறோம், நல்லது. பாட்டியின் வேலையையும் பதிவு செய்வோம். தலித் இலக்கிய மன்றம் செய்யக்கூடிய இலக்கியப் பணிதான் இதுவும்.

எங்கள் காலனியில் அந்த நோட்டைத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் பெரியப்பாவை எழுதினேன். பதவி: சுக்கானி. காலம்: 1967 முதல் 1985 வரை. கப்பல்களின் பெயர் எனக்குத் தெரியாததால் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. போன மாதம் அவரோடு ஒரே கப்பலில் ஓடிய ஒருவர் மரக்காணத்துப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டதாம். அவருக்கும் மூச்சு வாங்குகிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள்.